கோடியக்கரைச் சதுப்பில் மாணவர்களுடன் ஒரு நாள்: ஏற்பாடு செய்வோருக்கான கையேடு

கோடியக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்த ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு: "ஒண்ணுமே இல்லைங்க, வெறும் தண்ணி." அவர்கள் சொல்வது பொய்யில்லை. பத்து மணிக்கு மேல் வந்திருப்பார்கள். பேருந்தை நிறுத்தி, ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் இறங்கிக் கரைமேல் நின்றிருப்பார்கள். எதிரே இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கும். இடுப்பளவு தண்ணீரில், ஓரச்சேற்றில் இரை தேடும் சிறு பறவையான உள்ளானுக்கு என்ன வேலை?

இந்தச் சதுப்பில் எது எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம் முடிவுசெய்கிறது. ஆழத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பறவையைத் தேடி அலைய வேண்டாம். நாள் முழுக்கச் செய்யும் எல்லாப் பயிற்சியையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைத்துக்கொள்வது நல்லது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிமானைக் காப்பாற்ற 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது கோடியக்காடு. அதையொட்டி மேற்கே, பாக் நீரிணைக்கு இணையாக ஏறத்தாழ 48 கி.மீ. நீண்டு கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. தலைஞாயிறு காப்புக்காட்டின் அலையாத்திப் பகுதியையும் சேர்த்து, 38,500 ஹெக்டேர் 2002-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுதான். காடு, புல்வெளி, சேற்றுவெளி, உப்பளம், கடற்கரை எல்லாம் ஒரே நாளில் எட்டும் தூரத்தில் இருப்பது இங்கே உள்ள பெரிய வசதி. அதுவே ஒரு பொறியும்கூட. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது. காலையில் சதுப்பு, நடுப்பகலில் உப்பளம், மாலையில் மான். இவ்வளவு போதும்.

எப்போது போவது

வலசைப் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் கிளம்பும். மாணவர்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தோது. வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்த உடனே போகாதீர்கள். சதுப்பு நிரம்பி வழியும்போது குட்டைக்கால் பறவைகள் ஆழம் குறைந்த ஓரங்களுக்கும் உப்பளப் பாத்திகளுக்கும் ஒதுங்கிவிடும். மழை நின்று பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் வடிந்து, விளிம்பில் ஈரச்சேறு பட்டையாகத் தெரியும். கூட்டம் அங்கேதான் இறங்கும்.

இங்கே ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) பெரிதாக இல்லை. தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்குத்தான் பெரும்பங்கு. நேற்று ஈரச்சேறாக இருந்த இடத்தில் இன்று காற்று திரும்பியதும் தண்ணீர் நிற்கலாம். அதனால் "போன வருஷம் பார்த்த அதே இடம்" என்று நேராக அங்கே போய் நிற்க வேண்டாம். முந்தின நாள் மாலை ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். வனக் காவலரிடமும் கேளுங்கள். அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

கோடையில்தான் வர முடியும் என்றால் சதுப்பை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளை உப்பேறிய வெடிப்பு நிலம்தான் இருக்கும். அதற்குரிய பயிற்சி தனி, பின்னால் சொல்கிறோம்.

அனுமதியும் ஆட்கணக்கும்

சரணாலயத்துக்குள் நுழைய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளருக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கடிதம் போடுங்கள். தேதி, நேரம், மாணவர் எண்ணிக்கை, வயது, உடன் வருவோர், வண்டி எண், என்னென்ன செய்யப் போகிறீர்கள், தொலைநோக்கியும் கேமராவும் எத்தனை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். "கல்விச் சுற்றுலா" என்று ஒற்றை வரியில் போட்டால் பொதுப் பார்வையாளராகத்தான் உள்ளே விடுவார்கள். செய்யப்போகும் வேலையை விவரமாக எழுதினால் கூடவே ஒரு காவலரை அனுப்பக் கேட்கலாம். அவர் வந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. டிரோன் எண்ணமே வேண்டாம். சரணாலயத்திலிருந்து இறகு, சிப்பி, விதை, எலும்பு எதையும் எடுத்துவரக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு பிடுங்கினால் பிள்ளையின் முகம் அன்று முழுக்கச் சுருங்கியே இருக்கும்.

45 பேருக்கு மேல் வேண்டாம். மூன்று குழு, குழுவுக்குப் பதினைந்து பேர், இரண்டு பெரியவர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் கட்டாயம். சதுப்பில் நிழல் கிடையாது, உப்புக்காற்றில் தாகம் தெரியாமலேயே உடம்பு வறண்டுவிடும். தொப்பி, மங்கலான நிறத்தில் சட்டை, பின்பட்டை உள்ள செருப்பு. வெள்ளைச் சீருடை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். வேறு உடையில் வரச் சொல்லுங்கள். சாப்பாடு வாழையிலைப் பொட்டலமாக இருந்தால் குப்பை குறையும். ஆனால் குரங்குக்குப் பொட்டலம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பைகளை வண்டிக்குள் வைத்து ஜன்னலை மூடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கி.மீ. ரயில் பாதை 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. சிறு குழு அதில் வந்து, அங்கிருந்து வண்டி வைத்துக்கொள்ளலாம். பெரிய குழு முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஆறு மணி வெளிச்சம் கிடைக்கும்.

முதல் பயிற்சி: கால்தான் அளவுகோல்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நம் பழைய அளவுகளே போதும்: விரற்கடை, நாலு விரல், சாண், முழம்.

கொசு உள்ளான் விரற்கடை ஆழத்துப் பறவை. ஈரச்சேற்றில் ஓடும், தண்ணீர் விளிம்பில் நிற்கும், அதற்குமேல் போகாது. உப்புக்கொத்திகள் அதற்கும் மேட்டில், தண்ணீரே இல்லாத ஈரத்தில் நின்று, ஓடி, மறுபடி நிற்கும். பவளக்காலியும் மூக்கன்களும் நாலு விரல் ஆழம். நெடுங்கால் உள்ளான் சாண் ஆழம்வரை இறங்கும். பூநாரைக்கு முழம். அதற்கும் ஆழமென்றால் நீந்துகிறவைதான்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கூழைக்கடா.

குழந்தைகளைக் கரையில் உட்கார வையுங்கள். நிற்கக் கூடாது, உட்கார வேண்டும். வானத்துக்கு எதிரே நிற்கும் மனித உருவம் பறவைக்குப் பருந்தைவிடப் பயம். பத்து நிமிடம் பேச்சில்லாமல் இருந்தால் விலகிப்போன கூட்டம் திரும்பிவரும். இப்போது ஒவ்வொருவரும் ஒரு தாளில் தண்ணீரை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, எந்த இடத்தில் எந்தப் பறவை என்று குறிக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் "குட்டைக்கால் சாம்பல்" என்று எழுதினாலே போதும். பிறகு ஒரே ஆழத்தில் நிற்பவற்றைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் ஒரு காலும் வைக்காமல் சதுப்பின் ஆழ வரைபடம் தாளில் வந்திருக்கும். வரைந்து முடித்ததும் முகங்களைப் பாருங்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கும். பூநாரையின் காலில் நடுவே பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லாரும் முழங்கால் என்பார்கள். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. தரையிலிருந்து அந்தக் கணு ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். தண்ணீர் கணுவைத் தொட்டால் ஆழம் ஒரு சாணுக்குச் சற்று மேல். தொடை இறகைத் தொட்டால் முழத்துக்குமேல்.

வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். காலையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். ஒன்பதரை தாண்டினால் தரையிலிருந்து கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியிலும் கூட்டம் நெளியும். அதுதான் மூட்டை கட்டும் நேரம்.

தொலைநோக்கியைச் சரிசெய்வது

நாலைந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு வாங்காதீர்கள். பிள்ளைகள் கையில் ஆடும். கொடுத்தவுடன் "ஒண்ணும் தெரியலை" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கண் இடைவெளியைக் குறைக்கவில்லை: இரண்டு குழலையும் மடக்கி, இரு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளை கண்குவளையை உள்ளே திருகவில்லை. மூன்றாவது, வலதுகண் வளையம் யாரோ திருகிவிட்ட நிலையிலேயே இருக்கிறது. வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடதுகண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருகி வலதுகண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைப் பள்ளி மைதானத்திலேயே, தூரத்து மின்கம்பத்தை வைத்துப் பழக்கிவிடுங்கள். சதுப்பில் போய்ப் பாடம் எடுத்தால் அரைமணி போய்விடும்.

முக்காலித் தொலைநோக்கி இருந்தால் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். இங்குள்ள காற்றுக்கு அது நடுங்கும். கால்களை அகற்றி, நடுவில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிடுங்கள்.

இரண்டாவது: எண்ணுவது

ஆயிரம் பறவையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவில் பத்துக் கட்டம் நகர்த்தினால் நூறு. பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் ஓரம்வரை போங்கள். பறக்கும் கூட்டமாக இருந்தால் பார்வையைப் பின்னாலிருந்து முன்னால், பறக்கும் திசையிலேயே ஓட்ட வேண்டும். எதிர்த் திசையில் ஓட்டினால் கட்டங்கள் நழுவும்.

இதற்கு ஒத்திகை வகுப்பிலேயே நடக்கட்டும். கறுப்புத் துணியில் அரிசியைச் சிதறி, ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். 300 மணிக்கு 120, 150 என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நெருக்கமான கூட்டத்தைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். ஐந்தாறு முறை ஆனதும் மதிப்பீடு உண்மைக்கு அருகே வரும்.

களத்தில் ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் எழுத வேண்டும். முதலில் ஒருவர் "ஐந்நூறு" என்று கத்திவிட்டால் பதினைந்து தாளிலும் ஐந்நூறுதான் இருக்கும். எல்லாவற்றையும் வாங்கி வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், பத்தாயிரம் என்று எழுதும் ஒரு பிள்ளை எல்லாக் குழுவிலும் உண்டு. நேரம், இடம், எண்ணியவர் எத்தனை பேர் என்பதோடு, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் அந்தத் தாள் வீணாகாது. ஜனவரியில் வருகிறீர்கள் என்றால் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் மாதம் அது; கணக்கெடுக்கும் குழுவோடு சேர முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது: அலகும் சேறும்

இதைச் சரணாலயத்துக்கு வெளியே, மதியச் சாப்பாட்டுக்குமுன் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் 15 செ.மீ. உயரத்துக்கு ஈரமணல். ரப்பர் பேண்டுகளை இரண்டு செ.மீ. துண்டாக நறுக்கினால் புழு தயார். மேலாக இருபது, நாலு செ.மீ. ஆழத்தில் இருபது, பத்து செ.மீ.யில் இருபது என்று புதையுங்கள். ஒருவருக்குப் புருவக் கிடுக்கி (கொசு உள்ளான்), ஒருவருக்கு இரண்டு பின்னல் ஊசி (கோட்டான்; ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை, அதன் அலகு 10 செ.மீ.க்கு மேல் நீளும்). பக்கத்தில் ஒரு வாளியில் கலங்கல் தண்ணீரும் கடுகும்; அதில் ஒருவருக்குக் கரண்டி (கரண்டிவாயன்), ஒருவருக்கு டீ வடிகட்டி (பூநாரை). இரண்டு நிமிடம், கண்ணைக் கட்டிக்கொண்டு. கண் கட்டுவது விளையாட்டுக்கில்லை: சேற்றில் அலகைச் செருகும் பறவை இரையைப் பார்ப்பதில்லை, அலகு நுனியின் தொடுவுணர்வால்தான் கண்டுபிடிக்கிறது.

மணலில் தண்ணீர் அதிகமானால் குழி மூடிக்கொண்டு எல்லா ஊசிக்கும் ஒரே பலன் கிடைக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது, அந்தப் பதம். சேமியா, பயறு எதையும் புழுவாக வைக்காதீர்கள், ஊறிக் குழையும். முடிந்ததும் அறுபது துண்டையும் எண்ணித் திரும்ப எடுங்கள்.

நான்காவது: உப்பளத்தில் டிகிரி

நடுப்பகலுக்கு ஏற்ற இடம் அகஸ்தியம்பள்ளிப் பக்கத்து உப்பளம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பியவர்கள் ஏப்ரல் 30-இல் உப்பெடுத்தது இந்தப் பகுதியில்தான். நினைவுத்தூணும் இங்கே உண்டு. வரலாற்று ஆசிரியர் கூட வந்தால் அரைமணி அவருக்கு.

பாத்திக்குப் பாத்தி தண்ணீரின் அடர்த்தி ஏறுவதை உப்பளத்தார் "டிகிரி" என்பார்கள். திரவத்தின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு அது. கடல்நீர் சுமார் 3. ஏறத்தாழ 25-இல் உப்பு படியத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் கசப்புநீர், அதை வெளியேற்றிவிடுவார்கள். உரிமையாளரிடம் கேட்டு மூன்று பாத்தியிலிருந்து ஒவ்வொரு குவளை வாங்கிக்கொள்ளுங்கள். வரப்பின் ஓரத்தை மிதித்து உடைத்துவிட வேண்டாம். ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றில் கலந்தால் அவர்களுக்குப் பல நாள் வேலை வீண்.

அளக்கும் கருவியைப் பிள்ளைகளே செய்யலாம். ஒளி ஊடுருவும் பால்பாயின்ட் பேனாவின் வெற்று உடலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். முதலில் அதை மெழுகால் அடைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, "மிதக்கவே இல்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம். நுனியையும் மெழுகால் மூடி, மேல்வழியாகச் சிறு இரும்புக் குண்டுகளைப் போடுங்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். சுமார் 11 செ.மீ. மூழ்கி நேராக நிற்கும்வரை குண்டுகளைக் கூட்டிக் குறையுங்கள். தண்ணீர் தொடும் இடத்தில் மார்க்கர் கோடு: அது பூச்சியம். பிறகு 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு லிட்டராக்கிய நீரில் விடுங்கள். மூன்று மி.மீ.க்கும் குறைவாகத்தான் மேலே எழும். மெல்லிய கோடாகப் போடுங்கள். 100 கிராம் கரைசலில் 7 மி.மீ. அளவு, 250 கிராமில் ஒன்றரை செ.மீ. அளவு எழும். கடைசிக் கோடு ஏறக்குறைய 20 டிகிரி.

பேனா குவளைச் சுவரில் ஒட்டினாலோ குமிழி பிடித்திருந்தாலோ அளவு தப்பும். ஒரு சுழற்று சுழற்றி விட்டுவிட்டு, நின்ற பிறகு பாருங்கள். வெயிலில் கொதித்த பாத்தி நீரை நிழலில் ஆறவைத்து அளக்க வேண்டும். சூட்டில் அடர்த்தி குறைவாகக் காட்டும். கடைசியில் உப்பளத்தாரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிள்ளைகளின் பேனா ஒன்றிரண்டு டிகிரிக்குள் வரும்.

மாலை: மான்

நாலு மணிக்குமேல் புல்வெளி. வண்டியை விட்டு இறங்காமல், நூறு மீட்டர் தள்ளியே பாருங்கள். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்பும் ஆண். பெண்ணும் குட்டியும் பழுப்பு. கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை?" என்பதைவிட "எங்கே மேய்கிறது?" என்பதுதான். வெளிமான் திறந்த புல்வெளியை நம்பி வாழும் விலங்கு. சீமைக்கருவேலம் அந்த வெளிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. இங்கே திரியும் காட்டுக்குதிரைகள் அதன் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வழியில் காய்ந்த சாணம் கிடந்தால் காவலர் அனுமதியோடு குச்சியால் கிளறி விதைகளை எண்ணச் சொல்லுங்கள். குதிரைக்குப் பின்னால் மட்டும் போய் நிற்கக் கூடாது, உதைக்கும்.

வறண்ட மாதத்தில் வந்தவர்களுக்கு

சேறு இறுகி உப்புப் படர்ந்த நிலத்தில் காலடித் தடம் அச்சு அசலாக இருக்கும். அனுமதி உள்ள இடத்தில் பாரிஸ் சாந்தால் அச்செடுக்கலாம். தடத்தைச் சுற்றி அட்டைப்பட்டையால் வேலி. இரண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர். பொடியைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பொடியில் ஊற்றினால் கட்டி தட்டும். உப்பு சேர்ந்தால் சாந்து வழக்கத்தைவிட வேகமாக இறுகும். ஆகவே கரைக்க நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள், கரைத்ததும் உடனே ஊற்றுங்கள். அரைமணியில் எடுத்துவிடலாம். மிச்சச் சாந்தை அங்கே கொட்டாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மேலே காய்ந்ததுபோல் தெரியும் இடத்திலும் அடியில் உளை இருக்கும். யாராவது முழங்கால்வரை புதைந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுப்பவரும் இறங்குவார். புதைந்தவர் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பட்டும். குதிகாலை ஆட்டி ஆட்டிக் காற்று உள்ளே போக வழிவிட்டு, ஒரு காலை மெல்ல எடுக்கட்டும். வண்டியில் ஆறடிப் பலகை ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

காலில் வளையமோ வண்ணக்கொடியோ உள்ள பறவை படத்தில் சிக்கினால், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, கொடியின் நிறம், எழுத்து, நேரம் எல்லாவற்றையும் குறித்து மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவது அவர்கள்தான். எந்த ஊரில் எந்த ஆண்டு மாட்டிய வளையம் என்று பதில் வந்தால் அதை வகுப்புச் சுவரில் ஒட்டலாம்.

திரும்பியதும் முக்காலியின் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நீட்டியபடியே காய வையுங்கள். மடக்கி வைத்தால் உப்பு பூட்டுக்குள் இறங்கி அடுத்த மாதம் திறக்காது. தொலைநோக்கிக் கண்ணாடியை முதலில் ஊதியோ தூரிகையாலோ சுத்தம் செய்துவிட்டு, பிறகுதான் துணி. அப்படியே துடைத்தால் உப்புத்துகள் கீறிவிடும்.